சத்தமில்லாத சைக்கிள்

அன்று சாயங்காலம் நல்லம்மாள் தூபக்காலில் கிடந்த போன வாரத்துச் சாம்பலைத் தட்டிக் கொட்டிவிட்டு, மூன்று கொட்டாங்கச்சித் துண்டுகளை அடுப்பில் காட்டிக் கனல வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் செய்கிற வேலை. தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. மூன்று மணிக்குப் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தண்டவாளப் பக்கமிருந்து ஈர இரும்பு வாடை வந்தது. காலையில் சுட்ட முறுக்கின் எண்ணெய் மணம் குசினியை விட்டு இன்னும் போகவில்லை. கொல்லைக் குளியலறையில் கன்னையா தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கனல் சிவந்ததும் சாம்பிராணித் தூளை ஒரு சிட்டிகை போட்டாள். புகை எழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வழக்கம்போல என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை.

பின்னால் போலீஸ் கேட்டது. போம்பா வண்டியில் வந்த தீயணைப்புக்காரர் கேட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் பாயில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "ஆபத்துன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலையா?" சொல்லியிருந்தால் நடந்தது விபத்து. சொல்லாதிருந்தால், வீட்டுக்குள் வெடிகுண்டு மாதிரி ஒன்றை வைத்துவிட்டுக் குளிக்கப் போன மடையன் அவன். செத்தவனுடைய பேர் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. பதில் நல்லம்மாளிடம் இருந்தது.

கன்னையா அவளுடைய கொழுந்தன். புருஷன் பக்கிரிசாமியின் கடைசித் தம்பி. பக்கிரிசாமிக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த கோட்டர்ஸ் வரிசையில் அவர்களுக்கு ஒரு வீடு. நல்லம்மாள் கல்யாணமாகி அங்கே வந்தபோது அவளுக்கு வயது இருபது, கன்னையாவுக்கு ஒன்பது. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை விசிறியது அவள்தான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். 'அண்ணி, அண்ணி' என்று குசினி முக்காலியில் உட்கார்ந்து அவன் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. காற்றாடி ஏன் சுற்றுகிறது, ரேடியோவில் குரல் எப்படி வருகிறது என்றெல்லாம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பவளுக்கு அரைமணி நேரம் விளக்குவான். அவள் காதில் பாதி ஏறும், பாதி ஏறாது.

முப்பத்து நாலு வயதில் அவனுக்கு சுபாங் பக்கம் ஒரு கோல்ப் கிளப்பில் மெக்கானிக் வேலை. மைதானத்தில் பணக்காரர்கள் ஏறிப் போகிற பேட்டரி வண்டிகளைப் பழுது பார்ப்பதும், ஆட்டம் முடிந்து திரும்பியவற்றை வரிசையாக நிறுத்தி சார்ஜ் போடுவதும்தான் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அவனுடைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒருநாள் பாசார் சந்தை வாசலில் களவு போனது. இன்னொன்று வாங்குவான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவன் தபால்காரர் ஓட்டுகிற மாதிரி ஒரு பழைய கனத்த சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்தான். கிளப்பில் கழித்துப் போட்ட சின்ன மோட்டார் ஒன்றைப் பின் சக்கரத்துக்குச் சங்கிலியால் பூட்டினான். கேரியரில் மரப்பெட்டி கட்டி, பெட்டிக்குள் இரண்டு கார் பேட்டரி வைத்தான். கைப்பிடியில் ஒரு விசை. அதை அழுத்தினால் மிதிக்காமலே சைக்கிள் போகும். சத்தம் கிடையாது, சங்கிலி மட்டும் லேசாகச் சீறும்.

"இது என்னடா கோலம்?" என்றாள் நல்லம்மாள்.

"கரண்டு சைக்கிள் அண்ணி. ஒரு சார்ஜுக்கு சுபாங் போயிரும். அங்க ஒரு சார்ஜ், திரும்ப வந்துரும்."

"ஊர்ல அவனவன் மோட்டார், காருன்னு வாங்குறான். நீ சைக்கிளுக்குக் கரண்டு குடுத்துக்கிட்டு இருக்க. உன்ன கிளப்புல கோல்ப் பந்தால அடிச்சிட்டாங்களா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முதல் வாரமே பேட்டரியின் ஆசிட் தண்ணீர் சிந்தி, வாசல் சிமெண்டு பொரிந்துபோனது. கொடியில் காய்ந்த அவளுடைய கைத்தறிச் சேலையில் மிளகு மிளகாக ஓட்டை விழுந்தது.

அவனோ தினமும் விடியுமுன் அதில் ஏறி, பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனியாக விட்டிருக்கும் பாதையில் பதினைந்து கிலோமீட்டர் போனான். பின்னால் வருகிற மோட்டார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். மழைக்குச் சுரங்கவழியில் முட்டளவு தண்ணீர் நிற்கும். அன்றெல்லாம் பேட்டரிப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்து கடந்து, திரும்ப வந்து சைக்கிளைத் தூக்கிப் போவான். ஒரு தடவை போலீஸ் மறித்தது. அதை இரவுச் சாப்பாட்டில் அண்ணனுக்குச் சொன்னான்.

"மோட்டாரா சைக்கிளான்னு கேட்டார் ணே. சைக்கிள் சார்னேன். மிதிச்சுக் காட்டுன்னார். மிதிச்சேன். சரி, மிதிக்காம காட்டுன்னார். மிதிக்காம ஒரு சுத்து சுத்துனேன். ரோட்டெக்ஸ் எங்கன்னார். சைக்கிளுக்கு ஏது சார் ரோட்டெக்ஸ்னேன். தலையச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டார் லா!"

பக்கிரிசாமிக்குச் சிரிப்பில் புரையேறியது. நல்லம்மாள் அவர் தலையில் தட்டினாள். தட்டியது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

ஆகஸ்டு மாதம் கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் டீச்சர். நாலு வருஷம் தேடி நல்லம்மாள் பிடித்த இடம். மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணின் தாய்மாமன் வந்தார். இரண்டு லோரி வைத்திருப்பவர். கேசரியும் தேத்தண்ணியும் ஆனபிறகு சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"தம்பி வேலைக்கு எதுல போறாரு?"

"கிளப்பு வேன் வரும் அண்ணே" என்று நல்லம்மாள் முந்திக்கொண்டாள்.

"இல்ல அங்கிள், சைக்கிள்லதான்" என்றான் கன்னையா. "வாங்களேன், காட்டுறேன்."

வாசலுக்கு வந்த மாமன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பெட்ரோல் வேணாம். சத்தம் இருக்காது. புகை இருக்காது" என்று கன்னையா விளக்கினான்.

"வழியில பேட்டரி முடிஞ்சிட்டா?"

"மிதிக்கலாம் அங்கிள்."

"இந்தப் பெட்டி எத்தன கிலோ?"

"முப்பது இருக்கும்."

"ஆக, முப்பது கிலோ கல்லையும் கட்டிக்கிட்டு சுபாங்ல இருந்து மிதிச்சு வருவாரு மாப்பிள்ள!" மாமன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாரியாயி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "எங்க புள்ளய எங்க உக்கார வைப்பாரு? பேட்டரி மேலயா?"

கிள்ளானிலிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

"வேன் வரும்னு நான் சொன்னேன்ல? வாய மூடிக்கிட்டு இருக்க உனக்கு என்னடா கேடு?" என்று அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"பொய் சொல்லிக் கட்டிக்கிட்டா, கல்யாணத்துக்கு மறுநாள் காலையில அந்தப் புள்ள வாசல்ல நின்னு வேனைத் தேடும் அண்ணி."

"தேடட்டும். புள்ள வீட்டுக்கு வந்துருச்சுல்ல? உனக்குப் பொண்டாட்டி வேணாம்டா. அந்தச் சனியன் பக்கத்துலயே பாய் விரிச்சுப் படு."

அன்றிலிருந்து அவள் சைக்கிளோடு பகிரங்கமாகச் சண்டை போட்டாள். வாசலில் சார்ஜ் போட்டிருக்கும் ஒயரைக் கூட்டுகிற சாக்கில் பிடுங்கிவிடுவாள். கன்னையா பாதி வழியில் நின்றுபோன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், ஷிப்டுக்குத் தாமதமாகித் திட்டு வாங்குவான். வீட்டுக்கு வந்து, "ஒயர் தானா வெளிய வந்து விழுந்துருச்சு போல" என்பான். "ஆமா, அதுக்கே வெக்கமா இருந்திருக்கும்" என்பாள் அவள்.

அக்டோபர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, அது முற்றியது. அன்று அவனுக்கு ஓய்வு நாள். நல்லம்மாள் பாசாரிலிருந்து முட்டைத் தட்டும், ஒரு கட்டு கங்கோங் கீரையும், நெத்திலிப் பொட்டலமும் சுமந்துகொண்டு கோட்டர்ஸ் பின்சந்தில் வந்தாள். கீரைக் கட்டு நழுவியது. எடுக்கக் குனிந்து ஒரு அடி பக்கவாட்டில் வைத்தாள். பின்னால் ஏதோ உரசியது. சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்த மாதிரியே விழுந்தாள். முப்பது முட்டையும் மடியில் உடைந்தன. சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டுக் கன்னையா ஓடிவந்தான்.

"அண்ணி! அடி பட்டுச்சா? மணி அடிச்சேனே அண்ணி!"

"அடிச்சியா? எந்தக் கோயில்ல?"

"ரெண்டு வாட்டி அடிச்சேன். நீங்கதான் காதுல வாங்கல."

மாரியாயி துணி காயப்போட வந்தவள், "ஏன் நல்லம்மா, ஆம்லெட்டு மடியிலயே சுடப் போறியா?" என்றாள். சந்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். கன்னையாவின் உதட்டோரத்திலும் சிரிப்பு வந்து போனது. நல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்குக் காது கேக்கலன்னு சொல்ற. அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லல அண்ணி..."

"சொல்லிட்ட. நாலு பேரு முன்னாடி சொல்லிட்ட. சரி, செவிடாவே இருந்துட்டுப் போறேன். இனிமே நீ என்கிட்ட பேசாத. நீ பேசுறது எதுவும் எனக்குக் கேக்காது."

அதோடு பேச்சு நின்றது.

பேச்சில்லாமல் இருப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை ஏற்பட்டது. எல்லாம் பக்கிரிசாமி வழியாகத்தான் போகவேண்டும். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"இந்தாங்க, உங்க தம்பிக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க."

"ரசம் வேணுமாடா?"

"கொஞ்சமா ஊத்தச் சொல்லுண்ணே."

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பாள்.

"அதான் ஊத்தச் சொல்றான்ல, ஊத்து."

"யாரு சொன்னா? எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க சொல்லுங்க."

"கொஞ்சமா ஊத்தணுமாம். போதுமா? நான் என்ன ஸ்டேஷன் மைக்கா? ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு தடவ அறிவிக்கணுமா?"

பக்கிரிசாமி சலித்துக்கொண்டாரே தவிர, முறை மாறவில்லை. கன்னையா சொல்வது பக்கிரிசாமி வாயால் திரும்ப வந்தால்தான் செல்லும். வராதவரை அது சொல்லப்படாதது. கன்னையா குசினி முக்காலிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவள் தீபாவளி முறுக்குப் பிழிய ஆரம்பித்தாள். ஒவ்வொரு வருஷமும் முதல் ஈட்டில் பாதியைச் சுடச்சுட எடுத்துப் போகிறவன் இந்த வருஷம் தட்டைத் தாண்டி நடந்து போனான்.

அந்தக் கடைசி வாரத் திங்களன்று அவள் இன்னொரு செய்தி அனுப்பினாள். "தீபாவளிக்கு நாலு பேரு வர்ற வாசல். அந்த ஆசிட் டப்பா அங்க இருக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. இருந்துச்சுன்னா தூக்கிச் சாக்கடையில வீசிருவேன்." கொல்லையில் வைத்தால் மழை. கடைசியில் குசினியை அடுத்த ஸ்டோர் அறைதான் இருந்தது. அரிசி மூட்டை, மாவு டின், பழைய பாய்கள் கிடக்கிற சின்ன அறை; ஒரே ஒரு ஜன்னல். கன்னையா மரப்பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்து, ஜன்னலை அகலத் திறந்து ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தான். எதற்கு முட்டுக் கொடுக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற பேச்சு அவர்களுக்குள் இல்லை.

வெள்ளிக்கிழமை பக்கிரிசாமி ராத்திரி டியூட்டி முடிந்து வந்தவர், மூன்று மணிநேரம் தூங்கி எழுந்து, மறுபடியும் கண்ணைச் சொருகிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். இரண்டரைக்குக் கன்னையா வந்தான். பேட்டரிக்கு சார்ஜ் போட்டுவிட்டுக் கைகழுவி அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தான். நல்லம்மாள் அடுப்பைப் பார்த்து நின்று நெத்திலிச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஸ்டோருக்குள்ள சாம்பிராணி கொண்டு போக வேணாம்னு சொல்லு. பேட்டரி சார்ஜ்ல இருக்கு."

"ம்... சொல்றேன்" என்றார் பக்கிரிசாமி.

அவள் முதுகுக்கு நாலு முழத்தில் சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டது. என் சாமி புகைக்கே தடை போடுகிறான். வாசலை எடுத்தேன் என்று ஸ்டோரைப் பிடித்துக்கொண்டான். இப்போது அது அவனுடைய அறையாம், நான் கால் வைக்கக் கூடாதாம். இப்படித்தான் அவளுக்குப் பட்டது. முன்னைப்போலப் பேசிக்கொண்டிருந்தால் அவன் முக்காலியை இழுத்துப் போட்டு, பேட்டரியிலிருந்து காஸ் வருவதையும், அது கூரையில் போய் அடைவதையும், கிளப் ஷெட்டில் ஒரு தீக்குச்சிக்கு ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதையும் அரைமணி நேரம் சொல்லியிருப்பான். சண்டைக்காரிக்கு அனுப்புகிற செய்தி ஒரு வரிக்கு மேல் போகாது. ஒரு வரியில் அனுப்பினான்.

பக்கிரிசாமி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சாப்பிட்ட கையோடு போய்ப் படுத்துவிட்டார். அவள் சம்பலைக் கிளறிக்கொண்டே காத்திருந்தாள். 'அவர் சொல்லட்டும், அப்புறம் நான் கேட்கிற கேள்வியைக் கேட்கிறேன்' என்று வார்த்தைகளைக்கூட எடுத்து வைத்திருந்தாள். அவர் குறட்டை கேட்டது. சரி, யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

மூன்று மணிக்கு மழை வந்தது. சாரல் ஸ்டோருக்குள் அடித்தது. முறுக்கு டின்கள் நனைந்தால் நமத்துப்போகும். குச்சியைத் தட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவையும் இழுத்து மூடினாள். கன்னையா ஹாலில் பாயில் படுத்து நாலு மணிநேரம் அயர்ந்து தூங்கி, ஏழு மணிக்கு எழுந்து குளிக்கப் போனான்.

அவள் தூபக்காலோடு ஹாலுக்குப் போனாள். சாமி படங்களுக்குக் காட்டினாள். படுக்கையறைக்குக் காட்டினாள். குசினிக்குக் காட்டினாள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஸ்டோர் கதவருகே ஒரு வீச்சு வீசிவிட்டு வந்துவிடுவாள். அன்று உள்ளே போய் நாலு மூலைக்கும் காட்டுவது என்று இருந்தாள். கதவைத் தள்ளினாள். புளித்த வாடை ஒன்று முகத்தில் அடித்தது.

"அண்ணி! வேணாம் அண்ணி!"

துண்டோடு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவன் குளியலறை வாசலிலிருந்து ஓடி வந்தான்.

பதினோரு நாளுக்குப் பிறகு அவளை நேராகக் கூப்பிட்டிருக்கிறான். நல்லம்மாள் நிலைப்படியில் நின்று திரும்பினாள். அந்தக் கணம் அவளுக்குள் என்ன இருந்தது என்பதை அவள் ஒருபோதும் மறக்கவில்லை. பயமல்ல. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம். முதலில் வாய் திறந்தது அவன்தான். அவள் மோவாயை உயர்த்திக்கொண்டு, அவன் பார்க்கப் பார்க்க, தூபக்காலை அறைக்குள் நீட்டினாள்.

அவன் அவள் தோளைப் பற்றி வெளியே தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவன் உள்ளே நின்றான்.

இடி விழுந்த மாதிரி இருந்ததாக மாரியாயி பிற்பாடு சொன்னாள். ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து சந்தில் போய் விழுந்தது. நல்லம்மாளின் புருவமும் முன்மயிரும் பொசுங்கின. வலது கை முழங்கை வரை வெந்தது. உடைந்த பேட்டரியும் ஆசிட்டும் சுவர்ப் பலகையும் சேர்ந்து கன்னையாவின் மேல் விழுந்தன. ஆஸ்பத்திரியில் அவன் பேசவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செத்துப்போனான்.

தீபாவளி அந்த வீட்டில் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் சைக்கிள்மேல்தான் கோபம். அது வாசலில் அப்படியே நின்றது, பெட்டியில்லாமல். "எத்தன தடவ சொன்னா இந்தப் பொண்ணு, கேட்டானா?" "வீட்டையே கொளுத்தியிருப்பான்." "அண்ணன் பேர்ல இருக்கிற கோட்டர்ஸுன்னு ஒரு பயம் வேணாம்?" ஒரு பெரியவர் போகிற போக்கில் சக்கரத்தை எட்டி உதைத்துவிட்டுப் போனார். நல்லம்மாளுக்காகத்தான் உதைத்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் சார்ஜன் வந்தார். வயதான மலாய்க்காரர். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார். மலாயில்தான் பேச்சு நடந்தது. பேட்டரி காஸ் விடும் என்பது இறந்தவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அவன் வேலையே அது என்றார் பக்கிரிசாமி.

"அப்படியானால் வீட்டில் நெருப்புக் கொண்டுவர வேண்டாம் என்று யாரிடமாவது சொன்னாரா?"

பக்கிரிசாமி தரையைப் பார்த்தார். "நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றார்.

சார்ஜன் நல்லம்மாள் பக்கம் திரும்பினார்.

"அன்றைக்கு, என்னிடம் அவன் பேசிப் பதினோரு நாள்" என்றாள் அவள்.

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. சார்ஜன் தலையாட்டிவிட்டு எழுதினார். எழுதியதைத் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அவளுக்கு மலாய் நன்றாக வாசிக்க வரும். வாசித்தாள். வலது கையில் கட்டு என்பதால் இடதுகைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளப்பிலிருந்து விஜயன் வந்தான். கன்னையாவோடு ஷெட்டில் வேலை செய்தவன். இலை போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. கண் அப்படி இல்லை. "எங்க ஷெட்டுக்குள்ள சிகரெட்டோட வந்த மெம்பர் ஒருத்தர கையப் புடிச்சு வெளிய தள்ளுனவன் அவன். பட்டம் வாங்குன டத்தோன்னுகூடப் பாக்கல. வேலை போயிருக்கும். 'போனாப் போகுது, உயிர் இருக்குல்ல'ன்னான். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுல ஒரு வார்த்த சொல்லாம இருந்தான்னு போலீஸ்ல எழுதியிருக்காங்களாம். கிளப்புலயும் இப்ப அதத்தான் பேசுறாங்க, கன்னையா கவனமில்லாதவன்னு. நீங்க சொல்லுங்க. சொல்லலையா அவன்?"

மாரியாயிகூடச் சாதம் பிசைவதை நிறுத்தினாள்.

"அதான் எழுதியாச்சுல்ல தம்பி" என்றார் பக்கிரிசாமி. "சாப்பிட்டுப் போங்க."

"நான் அக்காகிட்ட கேட்டேன்."

நல்லம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விஜயன் வெளியே வந்தான். பிறகு வாசலில் கிடந்த சைக்கிளை நிமிர்த்தித் துடைத்து, "இத நான் கொண்டு போறேன். இங்க இருந்தா உதச்சே ஒடச்சிருவீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் தள்ளிக்கொண்டு போனான்.

அன்று எல்லோரும் போனபிறகு பக்கிரிசாமி குசினிக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லம்மா, அவன் சொன்னான்."

அவள் பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"சோறு சாப்பிடறப்ப சொன்னான். சாம்பிராணி வேணாம்னு உன்கிட்ட சொல்லச் சொன்னான். சொல்றேன்னேன். போய்த் தூங்கிட்டேன். அவன நான்தான் கொன்னேன்."

தேய்த்த பாத்திரத்தைக் குழாயடியில் காட்டினாள்.

"நீ அங்கதான் நின்ன. அடுப்பு சத்தம். உனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா போயிருப்பியா? உன் காதுல விழலதானே?"

அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். விழுந்தது என்று சொன்னால் அவர் தலையில் இருக்கிற பாறை இறங்கும். அது அவள் தலைக்கு வரும். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"விழல" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். முன்பே தெரிந்ததை உறுதி செய்துகொண்டவர் மாதிரி ஆட்டினார். அன்று முதல் அவர் மனுஷனாக இல்லை. டியூட்டியில் தடுமாறினார். சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி, "ஒரே வரி. அத என்னால சொல்ல முடியல பாரு" என்பார். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்து அழுதார். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தாள். சில சமயம், "தூக்கம் யாருக்குத்தான் வராது?" என்று சொன்னாள். அதைவிடக் கொடுமையான ஆறுதலை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாம் வருஷம், ஒரு மத்தியானம், சாய்வு நாற்காலியில் அவர் மூச்சு நின்றது. அந்த ஒரு வரியை அவர் கூடவே கொண்டு போனார்.

அவருக்குப் பிறகு கோட்டர்ஸை ஒப்படைக்க வேண்டியிருந்தது. புது ஸ்டேஷன் வரப்போகிறது, வரிசை முழுவதும் இடிபடும் என்றார்கள். ரவாங்கில் ஒரு அறை பார்த்துச் சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு, நல்லம்மாள் போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள். முகப்பில் ஒரு இளம் கார்ப்பரல் இருந்தான். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னான். தேதியையும் பேரையும் சொன்னாள். அவன் உள்ளே போய்ப் பதிவைத் தேடிக்கொண்டு வரும்வரை காத்திருந்தாள்.

"இதில் ஒன்று தப்பு" என்றாள் மலாயில். "என் கொழுந்தன் சொன்னான். எனக்குக் கேட்டது. கேட்டும் போனேன்."

கார்ப்பரல் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மக்சிக்" என்றான், பெரியம்மா என்கிற மலாய் மரியாதையில். "இது மூன்று வருஷத்துக்கு முந்தியது. விபத்து என்று முடித்தாயிற்று."

"விபத்துதான். அதை மாற்ற வேண்டாம். அவன் சொன்னான் என்று மட்டும் எழுது."

"மூடின கோப்பு. நான் இதில் எழுத முடியாது."

"ஜன்னலைச் சாத்தியதும் நான்தான்."

அவன் பேனாவை மூடினான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கூட்டிப் போக யாராவது வருவார்களா என்று மெதுவாகக் கேட்டான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் குடிக்கவில்லை. பதிவுக் கோப்பைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினான். அடியில் அவளுடைய இடதுகைப் பெருவிரல் ரேகை மங்காமல் இருந்தது. அதற்கு மேலே, நாலாவது வரி: இறந்தவர் வீட்டில் எவருக்கும் எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை.

அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.